தொழிற்சாலைப் பூச்சைக் கெடுக்காமல் மாதிரி டீசல் எஞ்சினுக்கு நுண்விவரம் சேர்ப்பது எப்படி? கொழும்பு ஆர்வலர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

புதிய மாதிரி டீசல் எஞ்சின் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து, யன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பூச்சை மட்டும் உற்றுப் பாருங்கள். கோடுகளின் விளிம்பில் மயிரிழைப் பிசகு இராது. கதவுச் சந்துகளிலும் காற்றுச் சட்டங்களிலும் வண்ணம் ஒரே கனத்தில் படிந்திருக்கும். சிலிக்கோன் திண்டினால் ஒற்றி அச்சிட்ட எழுத்துகளை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழும் வாசிக்கலாம். வீட்டு மேசையில் இந்தத் தரத்தை எட்டப் பல ஆண்டுக் கைப்பழக்கம் வேண்டும்.

அதே எஞ்சினில் கைப்பிடிக் கம்பிகளோ பிளாஸ்டிக் உடலோடு சேர்த்து வார்த்த வெறும் புடைப்புகளாக நிற்கும். கண்ணாடித் துடைப்பான் இருக்காது. முகப்பில் தடைக் (பிரேக்) குழாய்கள் இருக்காது. இந்தக் குறைகளைக் கண்டதும் முழுப் பூச்சையும் உரித்துப் புதிதாகப் பூசப் புறப்படுகிறவர்கள் பலர். அது தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. தொழிற்சாலை நன்றாகச் செய்ததைத் தொடாமல், செய்யாமல் விட்டதை மட்டும் நாம் சேர்த்தால் போதும். கீழே வரும் படிகளின் வரிசை முழுவதும் அந்தப் பூச்சைக் காப்பதற்காகவே அமைந்தது.

இலங்கைப் புகையிரத வண்ணத்தில்தான் எஞ்சின் வேண்டும் என்றால், பூசப்படாத உடலை வாங்கி முதலிலிருந்து பூசுவதே சரி. அது வேறு வேலை. கடைகளில் கிடைக்கும் அமெரிக்க, பிரித்தானிய, பிரேசில் வண்ணங்களில் உள்ள எஞ்சினை அதன் சொந்த அடையாளத்தோடு மெருகேற்றுவதையே இங்கே சொல்கிறேன். அளவுகள் யாவும் எச்.ஓ. எனப்படும் 1:87 அளவுக்கானவை.

பார்க்கப் பழகுதல்

கொழும்பில் இருப்பவர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. உலகின் முக்கியமான டீசல் எஞ்சின் குடும்பங்கள் பல நம் கண்ணெதிரே ஓடுகின்றன. எம்2 வகுப்பு எஞ்சின்கள் 1954 முதல் இங்கு வந்தவை. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா வழங்கியதால் ஒன்டாரியோ, அல்பேர்ட்டா, மனிற்றோபா என்று அந்நாட்டு மாகாணங்களின் பெயர்களை அவற்றுக்குச் சூட்டினார்கள். அவை ஜெனரல் மோட்டார்ஸின் ஜி12 வடிவம். அதே ஜி12 பிரேசிலிலும் ஓடியது. அந்நாட்டின் ஃபிராட்டெஸ்கி நிறுவனம் அதை 1:87 அளவில் மாதிரியாகச் செய்திருக்கிறது. ஆகவே பிரேசில் வண்ணத்தில் ஒரு ஜி12 மாதிரியை வாங்கியவருக்கு, அதன் முழு அளவு உறவினர் கோட்டை நிலையத்தில் காணக் கிடைக்கலாம். எம்4 வகுப்பு மொன்றியல் தொழிற்சாலையில் உருவானது. எம்8 இந்தியாவின் வாரணாசியில் உருவானது. இரண்டுக்குள்ளும் இருப்பது அமெரிக்க அல்கோ நிறுவனம் வடிவமைத்த 251 வகை இயந்திரம். அமெரிக்க அல்கோ மாதிரி வைத்திருப்பவர்கள் இவற்றைக் கூர்ந்து பார்க்க வேண்டும்.

எதைப் பார்ப்பது? முதலில் கூரையை. மாதிரி எஞ்சினை நாம் எப்போதும் மேலிருந்தே பார்க்கிறோம். உண்மை எஞ்சினையோ மேடையில் நின்று கீழிருந்து பார்க்கிறோம். அதனால் பலருடைய மாதிரிகளில் பக்கங்கள் அருமையாகவும் கூரை வெறுமையாகவும் இருக்கும். நிலையங்களின் நடைபாலத்தில் ஏறி நின்றால் விசிறிகள், புகைபோக்கி, ஊதுகுழல், தூக்கு வளையங்கள், எண்ணெய்க் கறை எல்லாம் தெளிவாகத் தெரியும். அடுத்து, கைப்பிடிகள் உடலோடு சேரும் இடம். கம்பி நேரே தகட்டுக்குள் போகிறதா, சிறு தட்டு வைத்து ஆணி அடித்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு குழாய்கள் எந்த உயரத்தில் தொங்குகின்றன, எந்தப் பக்கம் வளைகின்றன என்பது.

மேடை டிக்கெட் வாங்கி மேடையிலும் நடைபாலத்திலும் நின்று பாருங்கள். தண்டவாளத்தில் இறங்க வேண்டாம். தெமட்டகொடை எஞ்சின் கொட்டகை, இரத்மலானைத் தொழிற்சாலை போன்ற இடங்களுக்கு முன் அனுமதி இல்லாமல் போகக்கூடாது. ஓட்டத்தில் இல்லாத பழைய எஞ்சின்களைச் சாவகாசமாகப் பார்க்கக் கடுகண்ணாவை புகையிரத அருங்காட்சியகம் நல்ல இடம்.

ஓர் எச்சரிக்கை. போகியின் (சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தின்) அகலத்தை இங்கிருந்து அளந்து மாதிரிக்குக் கொண்டு போகாதீர்கள். நம் அகலப் பாதை 1,676 மி.மீ.; 1:87 இல் அது ஏறத்தாழ 19.3 மி.மீ. மாதிரித் தண்டவாளமோ 1,435 மி.மீ. பாதைக்கான 16.5 மி.மீ. கொழும்பில் பார்த்துப் பொருள்களின் வடிவத்தையும் அவை வேலை செய்யும் விதத்தையும் கற்றுக்கொள்ளுங்கள். எத்தனை, எங்கே என்பதற்கு உங்கள் மாதிரியில் அச்சிட்டிருக்கும் அதே எண் எஞ்சினின் படத்தைத் தேடுங்கள். ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய பராமரிப்பு ஒன்றுக்குப் பின் ஊதுகுழல் இடம் மாறியிருக்கும், படிக்கட்டு மாறியிருக்கும். இரண்டு காலத்தை ஒரே எஞ்சினில் கலந்தால் எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் தெரிந்தவர் கண்ணுக்கு உறுத்தும்.

கருவிகளும் பொருள்களும்

செட்டியார் தெருவில் இருந்து தொடங்குங்கள். நகைத் தொழிலாளர் பயன்படுத்தும் கூர்மூக்குக் குறடு, சாமணம், மெல்லிய அரம் ஆகியவை இந்த வேலைக்கு அளவெடுத்தாற்போல் பொருந்தும். விரலால் சுழற்றும் கைத் துரப்பணமும் 0.3, 0.4, 0.5 மி.மீ. ட்ரில் பிட்களும் அவசியம். மின்சார ட்ரில் வேண்டவே வேண்டாம். அதன் வேகத்தில் பிளாஸ்டிக் உருகித் துளையின் வாயில் திரளும். நுண்ணிய பிட்கள் உடைவது இயல்பு, ஒவ்வோர் அளவிலும் நான்கைந்து வாங்கி வையுங்கள்.

கம்பிக்குப் பித்தளையே நல்லது. உண்மையான கைப்பிடிக் கம்பி ஓர் அங்குலக் கனமோ அதைவிடச் சற்று மெலிதோ இருக்கும். 1:87 இல் ஓர் அங்குலம் 0.3 மி.மீ. கிட்டார் தந்தியிலும் இந்தக் கனம் உண்டு, ஆனால் அது உருக்கு. வளைத்தால் திமிறித் திரும்பும். கடற்காற்றில் சீக்கிரம் துருவும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கடற்கரையோரம் வசிப்பவர்கள் அதை நினைக்கவே வேண்டாம்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவின் மின்னணுக் கடைகளில் 30 கேஜ் கறுப்பு உறைக் கம்பி, சிறிய எல்.ஈ.டி. விளக்குகள், மின்தடைகள், ஐசோபுரோப்பைல் அல்ககோல் ஆகியவற்றைக் கேளுங்கள். மிக நுண்ணிய உப்புத்தாளுக்குப் பழைய சோனகத் தெரு. ஊதுகுழல், ஒளிமறைப்பு, வானலை அன்ரனா போன்ற வார்ப்புகளைக் கையால் செய்வது வீண் உழைப்பு. டீடெயில்ஸ் வெஸ்ட், கால் ஸ்கேல் போன்ற வெளிநாட்டுத் தயாரிப்புகளை நண்பர்களோடு சேர்ந்து ஒரே பொதியாக வரவழைத்தால் தபால் செலவு குறையும்.

உடலைக் கழற்றுதல்

கழற்றுவதற்கு முன் எஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டிப் பாருங்கள். ஓட்டத்தில் குறை இருந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டிய நேரம் இதுதான். துளையிட்ட பிறகு எந்தக் கடையும் ஏற்காது.

கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். வியர்வையும் எண்ணெயும் பூச்சில் படிந்தால் பிறகு எதுவும் ஒட்டாது. உடலைப் பிடித்திருக்கும் கொக்கிகளைத் திருகாணிச் சாவியால் நெம்பாமல், பிளாஸ்டிக் அட்டைத் துண்டுகளை இருபுறமும் செருகி விடுவியுங்கள். உள்ளே விளக்குக் கம்பிகள் இணைந்திருக்கும், சட்டென்று இழுக்க வேண்டாம். பிறகு உடலை மட்டும், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டுக் கலந்த இளஞ்சூட்டு நீரில் மென்மையாக அலசி, நிழலில் காய விடுங்கள். துணி சுற்றிய ஸ்பொஞ்சில் வேலை செய்யும்போது உடலைத் தாங்கும் தொட்டில் ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். மேசையில் நேரடியாக வைத்துத் துளையிட்டால் மறுபக்கப் பூச்சு உராயும்.

கைப்பிடிக் கம்பிகள்

பொறுமையாகச் செய்ய வேண்டிய பகுதி இதுதான். முதலில் எவற்றை மாற்றுவது என்று முடிவெடுங்கள். முகப்பிலும் பின்புறத்திலும் ஓட்டுநர் அறையின் மூலைகளிலும் உள்ளவற்றை மாற்றினால் எஞ்சினின் தோற்றமே மாறும். நீண்ட பக்கச் சுவரில் கதவோடு கதவாக வரும் சிறு புடைப்புகளை அப்படியே விடலாம். செதுக்கும் ஒவ்வொரு புடைப்பும் பூச்சில் ஒரு வடுவை விடும். புதிய கம்பி அந்த வடுவை மறைக்கும் இடத்தில் மட்டும் செதுக்குங்கள்.

செதுக்கும் இடத்தைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஒட்டுவதற்கு முன் டேப்பைத் துணியில் இரண்டு முறை ஒற்றி எடுத்து அதன் பிடியைக் குறையுங்கள். வெப்பத்தில் இரவு முழுவதும் விட்டுவிடவும் வேண்டாம், அச்செழுத்தைப் பிடுங்கிக்கொண்டு வரும். தட்டையான உளி முனை அலகால், உடலோடு கிட்டத்தட்டக் கிடைமட்டமாகப் பிடித்து, புடைப்பை மெல்லிய சீவல்களாக எடுங்கள். ஒரே தள்ளில் எடுக்க முயன்றால் அலகு உள்ளே பாயும். உப்புத்தாள் இங்கே வேண்டாம், அது சுற்றுப் பூச்சையும் மங்க வைக்கும்.

அமெரிக்க எஞ்சினின் வழக்கமான கைப்பிடி 18 அங்குல அகலம். நம் அளவில் அது ஏறத்தாழ 5.25 மி.மீ. சிறு பித்தளைத் தகட்டில் இந்த இடைவெளியில் இரண்டு துளைகளைக் கவனமாக இட்டு, அதையே எல்லாவற்றுக்கும் வழிகாட்டித் தகடாக வையுங்கள். ஏணிபோல் வரிசையாக வரும் கைப்பிடிகளில் இடைவெளி கால் மில்லிமீற்றர் பிசகினாலும் கண் பிடித்துவிடும், தனித்தனியே அளந்து குறித்தால் பிசகாமல் இராது. துளைக்கும் இடத்தில் முதலில் தையல் ஊசியால் ஒரு சிறு குழி குத்துங்கள். குழி இல்லாமல் பிட்டை வைத்தால் அது வழுக்கிப் பூச்சில் கோடு கிழிக்கும். பிட்டின் எடையே போதும், அழுத்த வேண்டாம். இரண்டு மூன்று சுற்றுக்கு ஒரு முறை வெளியே எடுத்துத் துகளைத் தட்டுங்கள்.

கம்பியைக் குறட்டில் வளைத்துப் பொருத்திப் பார்த்து, சரியென்றால் வெளியே எடுத்துவிடுங்கள். பூசிய பிறகே நிரந்தரமாகப் பொருத்த வேண்டும். கம்பியை உடலில் ஒட்டிவிட்டுத் தூரிகையோடு அதன் பின்னால் நுழைய முயன்றால் தொழிற்சாலைப் பூச்சின் மேல் நம் வண்ணம் வழியும். ஸ்பொஞ்சில் கம்பிகளைக் குத்தி நிறுத்தி, நுண்ணிய உப்புத்தாளால் பித்தளையின் களிம்பை நீக்கி, உலோகத்துக்கான அடிப்பூச்சைத் தெளித்து, அதன்மேல் வண்ணம் பூசுங்கள்.

வண்ணத்தைக் கலக்கும்போது வண்ண அட்டையையோ புத்தகப் படத்தையோ பார்க்க வேண்டாம். உங்கள் முன்னால் இருக்கும் மாதிரிதான் அளவுகோல். அக்ரிலிக் வண்ணம் காயும்போது சற்றுக் கருக்கும், அதனால் பழைய பிளாஸ்டிக் கரண்டியில் பூசிக் காய வைத்து, பகல் வெளிச்சத்தில் உடலருகே வைத்து ஒப்பிடுங்கள். நுண்ணிய கம்பி தன் நிழலாலேயே இருண்டு தோன்றும், ஆகவே கலவையில் ஒரு துளி வெள்ளை கூடுதலாக இருக்கட்டும். இதே கலவையால், செதுக்கிய வடுவின் மேல் மிக நுண்ணிய தூரிகையால் ஒரு தொடுதல் போதும்.

சூப்பர் குளூவை உடலின் உட்புறத்திலிருந்தே வையுங்கள். அதன் ஆவி காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து வெண்புகைபோல் பூச்சில் படியும். காற்றோட்டமான இடத்தில், ஊசி முனையில் எடுக்கக்கூடிய அளவு மட்டும் போதும். யன்னல் கண்ணாடிகளை முன்கூட்டியே கழற்றி வைக்க வேண்டியதும் இதனால்தான். பிறகு அவற்றை வெள்ளைப் பசையால் பொருத்துங்கள்.

முகப்பும் கூரையும்

காற்றுத் தடைக் குழாய்க்கு 30 கேஜ் உறைக் கம்பி அருமையானது. உறையோடு சேர்த்து அதன் கனம் ஏறத்தாழ 0.5 மி.மீ.; உண்மையில் 43 மி.மீ. குழாய்க்குச் சமம். நுனியில் உறையை உரித்து, உள் கம்பியை 0.3 மி.மீ. துளையில் செருகினால் குழாய் தானாக நிற்கும். பிரித்தானிய வெற்றிடத் தடைக் குழாய் வரியோடியது. அதற்கு, மெல்லிய ஈயக் கம்பியின் மேல் பழைய சிறு மோட்டாரின் சுருள் கம்பியை நெருக்கமாகச் சுற்றுங்கள். கண்ணாடித் துடைப்பானுக்கு, வளையும் மின்கம்பியின் உள்ளே இருக்கும் 0.2 மி.மீ. செப்பிழை ஒன்று போதும்.

இணைப்புக் கொக்கி இருக்கும் முனையில் எவ்வளவு சேர்ப்பது என்பதில் கட்டுப்பாடு வேண்டும். வளைவில் கொக்கி இடம் வலமாக அசையும். குழாய் குறுக்கே நின்றால் பெட்டிகள் தடம் புரளும். எஞ்சின் எப்போதும் ஒரே திசையில் இழுக்குமானால், முன்முனையில் எல்லாக் குழாய்களையும் வைத்து, பெட்டி இணையும் முனையைச் சுருக்கமாக விடுங்கள்.

கூரையில் வார்ப்பு ஊதுகுழலும் தூக்கு வளையங்களும் சேர்ந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அச்சிட்ட எண்ணின் இலக்கத்தை மாற்றுதல்

ஒரே எண் கொண்ட இரண்டு எஞ்சின்கள் உங்களிடம் இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். முழு எண்ணையும் அழிக்காமல், மாறும் இலக்கத்தை மட்டும் எடுங்கள். ஐசோபுரோப்பைல் அல்ககோலில் நனைத்த பஞ்சுத் துளியை அச்சின் மேல் சில வினாடி வைத்து, பற்குச்சியின் மழுங்கிய முனையால் மெதுவாகத் தேயுங்கள். அதற்கு முன் உடலின் மறைவான அடிப்பகுதியில் சோதித்துப் பார்ப்பது கட்டாயம். சில நிறுவனங்களின் அடிப்பூச்சு அச்சோடு சேர்ந்து கரையும். அசெற்றோன், நகப்பூச்சு நீக்கி, தின்னர் ஆகியவை பிளாஸ்டிக்கையே உருக்கும்.

அழித்த இடத்தில் பளபளப்பான நிறமற்ற பூச்சு ஒன்று பூசிய பிறகே நீரில் ஊறவைத்து ஒட்டும் இலக்கத்தை வைக்க வேண்டும். மங்கலான பரப்பில் வைத்தால் அடியில் நுண்குமிழிகள் சிக்கி, படலம் வெள்ளியாக மின்னும். படலத்தை ஒட்ட உதவும் மைக்ரோ செட் திரவத்தைத் தடவி இடத்தில் அமர்த்தி, காய்ந்ததும் அதை இளக்கிப் படிய வைக்கும் மைக்ரோ சொல் திரவத்தைத் தடவுங்கள். படலம் முதலில் சுருங்கும். பயந்து தொடாதீர்கள், தானே படியும். வீட்டு இங்க்ஜெட் அச்சுப்பொறி வெள்ளை மையை அச்சிடாது, ஆகவே வெள்ளை எண்களை ஆயத்தமாக விற்கும் தாள்களில்தான் வாங்க வேண்டும்.

விளக்கு

பழைய மாதிரிகளில் மஞ்சள் குமிழ் இருந்தால், இளஞ்சூட்டு வெள்ளை எல்.ஈ.டி.க்கு மாற்றுங்கள். 12 வோல்ட்டில் 1,000 ஓம் மின்தடை வைத்தால் ஏறத்தாழ 9 மில்லியம்பியர் பாயும். 2,200 ஓம் வைத்தால் 4. இரண்டாவதே கண்ணுக்கு இயல்பாக இருக்கும். எண்முறைக் கட்டுப்பாட்டுப் பலகை உள்ள எஞ்சினில் மின்தடை ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒளி உடலின் சுவரில் ஊடுருவினால் உட்புறத்தில் கறுப்புப் பூசுங்கள்.

அழுக்கும் இறுதிப் பூச்சும்

அழுக்கு எங்கே, ஏன் படிகிறது என்று அறிந்தவர் கைக்கே அது இயல்பாக வரும். ரூட்ஸ் ஊதி (இயந்திரத்துக்குள் காற்றைத் தள்ளும் கருவி) கொண்ட பழைய ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின்களில் பெரும்பாலும் இரண்டு புகைபோக்கிகள், அவற்றைச் சுற்றி இரு கரித் தடங்கள். டர்போ கொண்ட அல்கோவில் ஒன்றே; கரி கூரையின் ஓரிடத்தில் அடர்ந்து பின்னோக்கி நீளும். போகியில் படிவது தடைக்கட்டையின் இரும்புத் தூள், அது செம்பழுப்பு. கரையோரப் பாதையில் ஓடும் எஞ்சின்களில் உப்புக்காற்றால் தகடுகளின் சந்துகளிலும் படிக்கட்டு விளிம்புகளிலும் துரு கசிந்து வழிவதைக் கொள்ளுப்பிட்டி முதல் தெகிவளை வரை எந்த மேடையிலும் பார்க்கலாம். மலைநாட்டுப் பாதையில் 44க்கு 1 ஏற்றத்தையும் பல சுரங்கங்களையும் கடந்து வரும் எஞ்சினின் கூரைக் கரி வேறு விதமானது. உங்கள் மாதிரி உண்மையில் எந்த நிலத்தில் ஓடியதோ அதற்கேற்ற மண்ணின் நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். நம் செம்மண் தூசியை, வறண்ட அமெரிக்கச் சமவெளியில் ஓடிய எஞ்சினின் மேல் தூவக்கூடாது.

சோக்குக் கட்டியை உப்புத்தாளில் தேய்த்தெடுத்த தூள், மென்தூரிகை, சற்றுப் பொறுமை இவையே போதும். தூளை எப்போதும் மேலிருந்து கீழாக, மழைநீர் வழியும் திசையில் இழுங்கள். கடைசியில் நிறமற்ற மங்கல் பூச்சுத் தெளித்ததும் தூளின் நிறம் பாதி மறையும், அதனால் விரும்புவதைவிடச் சற்றுத் தூக்கலாக இடுங்கள். எண்ணையும் கோடுகளையும் மூட வேண்டாம்.

அந்த மங்கல் பூச்சைத் தெளிக்கக் கொழும்பில் நாள் பார்க்க வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது விரைவாக உலரும் ஸ்பிரே பூச்சுகள் பால்போல் வெளுத்துவிடும், இவ்வளவு நேரம் காத்த தொழிற்சாலைப் பூச்சு ஒரே நொடியில் அதன் அடியில் மறையும். தை, மாசி மாதங்கள் மிக உகந்தவை. மற்றைய மாதங்களில் மழை பெய்யாத நாளின் முற்பகல் பதினொரு மணிக்குப் பிறகு தொடங்குங்கள். ஐப்பசி மழைக்காலத்தில் பிற்பகலை நம்ப வேண்டாம். ஸ்பிரே குப்பியை இளஞ்சூட்டு நீரில் சில நிமிடம் வைத்தெடுத்தால் துளிகள் நுண்ணியதாக விழும். மெல்லிய இரண்டு படலங்கள் போதும், இடையில் நன்றாகக் காய விடுங்கள்.

மீண்டும் பூட்டுதல்

யன்னல்களைப் பொருத்தி, உட்புறக் கம்பி நுனிகள் மோட்டாரையோ மின்பலகையையோ தொடவில்லை என்று உறுதி செய்துகொண்டு உடலைப் பூட்டுங்கள். பித்தளை மின்னைக் கடத்தும். நீட்டி நிற்கும் நுனி ஒன்று பலகையையே எரித்துவிடும். உங்களிடம் உள்ள மிகக் கூரிய வளைவில், பெட்டிகளோடும் இல்லாமலும், இரு திசைகளிலும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். குழாய் எங்காவது உரசினால் இப்போதே கத்தரித்துவிடுங்கள்.

பழைய பெட்டியின் ஸ்பொஞ்ச் வார்ப்பு வெறும் உடலுக்கென வெட்டியது. புதிய கைப்பிடிகளும் ஊதுகுழலும் வரும் இடங்களில் ஸ்பொஞ்சைக் குடைந்து எடுங்கள். உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, மழை மாதங்களில் அதை மாற்றிக்கொண்டே இருங்கள்.